ஆடியில் வெந்த வேர், மார்கழியில் விழுந்த செடி: கல்லடி வளவொன்றின் நிகழ்வு ஆய்வு

கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் மணல் திட்டில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மேலே சீமெந்து பிளேட் போட்ட மொட்டைமாடி, கிழக்குப் பார்த்த விறாந்தை, பின்பக்கம் கிணறு. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, திருக்கோவில் வரைக்கும் கரையோரத்து வளவுகளில் சாடியில் வைத்த சதைப்பற்றுச் செடிகளுக்கு (இலையிலும் தண்டிலும் தண்ணீர் சேமிக்கும் கள்ளி, கற்றாழை போன்றவை) திரும்பத் திரும்ப நடப்பதை இந்த ஒரு வளவில் கோத்துச் சொல்கிறோம். சாடி எண்ணிக்கை கணக்குப் பார்க்க வசதியாக வைத்தது. நடந்த விதம் இந்தக் கரைக்காரர் எல்லாருக்கும் பழக்கமானது.

சித்திரை விடுமுறைக்குச் செங்கலடி, பதுளை வழியாக நுவரெலியா போன குடும்பம் திரும்பி வரும்போது 15 சிறிய சாடி கொண்டுவந்தது. ரோசாப்பூ அடுக்குப் போல இலை விரிக்கும் எச்சிவேரியா 6, அதே போல் அடுக்காக வரும் செம்பர்வைவம் 2, ‘ஜேட்’ என்று சொல்லி விற்ற செடி 2, தொங்கும் கழுதைவால் செடூம் 1, பச்சைத் தண்டின்மேல் சிவப்புத் தலை ஒட்டிய கள்ளி 2, சிறு கற்றாழை போன்ற ஹவோர்த்தியா 2. மற்ற 5 சாடியும் ஊரில் வாங்கியவை: அடி பருத்துப் பூக்கும் அடீனியம் 2, மருள் 1, முள்முடி யூபோர்பியா 1, சோற்றுக்கற்றாழை 1. எல்லாம் சதைப்பற்றுச் செடிகள்தானே, வெயிலுக்கு அஞ்சாது என்று 16 சாடிகள் மொட்டைமாடிக்குப் போயின. இடம் போதாமல் ஓர் அடீனியம், ஒரு ஹவோர்த்தியா, மருள், ஒரு ஜேட் ஆகிய நான்கும் விறாந்தைப் படிக்கட்டில் தங்கின.

வைகாசியில் செம்பர்வைவம் இரண்டும் கழுதைவாலும் போயின. ஆனி, ஆடியில் ஒட்டுக்கள்ளி ஒன்றின் சிவப்புத் தலை வெளுத்துத் தோல் போல் காய்ந்தது. மாடியில் இருந்த ஹவோர்த்தியா செங்கல் நிறமாகிச் சுருண்டு மடிந்தது. ஆவணியில் எண்ணிப் பார்த்தால் 15 சாடி உயிரோடு. எச்சிவேரியாக்கள் சுருங்கி, கீழ் இலைகள் சருகாகி நின்றன, ஆனாலும் நின்றன. கச்சான் காற்றைத் தாண்டிவிட்டது, இனி மழை வந்தால் தளிர்க்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் ஆறுதல். ஐப்பசியில் முதல் இடி மழை வந்தது. அங்கிருந்து தை முடிவதற்குள் எச்சிவேரியா ஆறும், ஜேட் ஒன்றும், மிச்ச ஒட்டுக்கள்ளியும், மாடியில் நின்ற அடீனியமும் அடுத்தடுத்துக் கூழாகின. 20 இல் 6 மிஞ்சின.

14 சாவில் 9 மழைக்காலத்தில் விழுந்தவை. எனவே வீட்டார் மழையைத்தான் குற்றம் சொல்வார்கள். அது பாதிதான் சரி.

சாடியைக் கொட்டிப் பார்த்தால்

செத்த செடியை அப்படியே குப்பையில் போடுவதுதான் அடுத்த வருடமும் அதே தவறைச் செய்ய வைக்கிறது. சாடியைக் கவிழ்த்து மண்கட்டியை உடையாமல் எடுத்துப் பார்க்கவேண்டும். சாடி நின்ற திசையைச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு அடையாளம் வைத்துவிட்டுக் கவிழ்ப்பது நல்லது.

மாடியில் நின்ற அடீனியத்தின் மண்கட்டியில் மேற்குப் பக்கமும் தென்மேற்குப் பக்கமும், கறுப்புப் பிளாஸ்டிக் சுவரை ஒட்டியிருந்த வேர்வலை முழுதும் கபில நிறம். ஒரு வேரை விரல் நுனியால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று கையோடு வருகிறது. உள்ளே தையல் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சுகிறது. கிழக்குப் பக்கத்து வேர்கள் வெள்ளையாக, இழுத்தால் முறியும் உறுதியோடு இருக்கின்றன. மழை மட்டும் கொன்றிருந்தால் அழுகல் அடியிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஏறியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் செத்துக் கிடப்பது வெயிலின் கைவேலை.

கறுப்புச் சாடி பிற்பகல் வெயிலை நேராக வாங்கும்போது சுவரோரத்து மண் 45 பாகை செல்சியசைத் தாண்டும். மாடிப் பிளேட்டில் வெறுங்கால் வைக்கமுடியாத அந்த வேளையில் சாடி மேலிருந்தும் கீழிருந்தும் வேகிறது. பெரும்பாலான செடிகளின் நுனி வேர் 40 பாகைக்கு மேல் நாள்தோறும் சில மணி நேரம் கிடந்தால் பிழைக்காது. இலையிலும் தண்டிலும் தண்ணீர் சேமித்து வைத்திருப்பதால் சதைப்பற்றுச் செடி உடனே வாடிக் காட்டாது. வேர் போன பிறகும் இரண்டு, மூன்று மாதம் தன் சேமிப்பைத் தின்றுகொண்டு உயிரோடு இருப்பது போலவே நிற்கும். ஐப்பசி மழை சாடியை நிரப்பும்போது உறிஞ்ச வேர் இல்லை, ஈரம் தங்குகிறது, செத்த வேரில் பூஞ்சணம் பிடித்து, அங்கிருந்து தண்டுக்கு ஏறுகிறது. ஆடியில் செத்ததை மார்கழியில்தான் காண்கிறோம். இந்த ஐந்து மாத இடைவெளிதான் கரையோரத்துச் செடிக்காரரை ஏமாற்றுவது.

அதனால் ஆவணிக் கடைசியில் ஒரு சோதனை அவசியம். செடியின் அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். வேர் இருந்தால் மண் முழுதும் சேர்ந்து அசையும். தண்டு மட்டும் தளர்ந்து ஆடினால் வேர் இல்லை. அப்படிப்பட்டதை மழைக்கு விடாமல் அப்போதே பிடுங்கி, செத்த வேரை வெட்டி, நிழலில் ஒரு கிழமை காயவைத்து, ஈரமில்லாத கலவையில் புதிதாக ஊன்றவேண்டும். புரட்டாதியில் செய்தால் மழைக்கு முன் புது வேர் விட நேரம் இருக்கிறது. கார்த்திகையில் செய்வது வீண்.

பகல் வெயிலைவிட இரவு வெக்கை

மட்டக்களப்பில் ஆனி, ஆடிப் பகல் 33 முதல் 35 பாகை வரை போகும். தென்மேற்கிலிருந்து மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு மறுபக்கம் இறங்கும் கச்சான் காற்று வரண்டு, சூடேறி வருவதால் இலைத்தோல் காய்கிறது. ஆனால் இந்தப் பகல் சூட்டை எச்சிவேரியாகூடக் கொஞ்ச நிழலில் தாங்கும். தாங்கமுடியாதது இரவு. இங்கே அந்த மாதங்களில் விடியப்புறத்திலும் 25 பாகைக்குக் கீழே அவ்வளவாக இறங்காது.

காரணம் இந்தச் செடிகள் மூச்சு விடும் முறையில் இருக்கிறது. சாதாரணச் செடி பகலில் இலைத்துளையைத் திறந்து காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுக்கும். சதைப்பற்றுச் செடிகளில் பல, தண்ணீர் ஆவியாகிப் போகாமலிருக்கப் பகலில் துளையை மூடிவிட்டு இரவில் திறக்கின்றன. இரவில் எடுத்த வாயுவை ஒருவகைப் புளிப்பு அமிலமாக இலைக்குள் சேர்த்து வைத்து, விடிந்தபின் வெளிச்சத்தில் சர்க்கரையாக்குகின்றன. நம் வேலியோரத்து ரணகள்ளியிலேயே இது கண்டறியப்பட்டது. இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹைன், அதன் இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சுவையற்றுப் போவதையும் கவனித்து 1813 இல் இலண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். (மென்று பார்க்க ஆசைப்படவேண்டாம், ரணகள்ளியில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. ஆடு, மாடு நிறையத் தின்றால் ஆபத்து.)

இரவு குளிர்ந்தால் இந்தச் சேமிப்பு நன்றாக நடக்கும். மெக்சிகோ மலைகளின் எச்சிவேரியாவுக்கு 15 பாகையை ஒட்டிய இரவு வாய்ப்பு. 25 பாகை இரவில் அது சேர்ப்பது குறைந்து, சுவாசத்தில் செலவழிப்பது கூடுகிறது. வரவைவிடச் செலவு அதிகமான குடும்பம் மாதிரி, வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே கரைந்துபோகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் கொழுகொழுவென்று நிறமேறி நின்ற செடி இங்கே வந்து வெளுத்து நீண்டு போவதற்கு இதுதான் விளக்கம். உரம் போட்டும் தண்ணீர் ஊற்றியும் இதைத் திருத்தமுடியாது.

ஆகவே நம் கரைக்குச் செடி தெரிவு செய்யும்போது இரண்டு கேள்வி போதும். அதன் சொந்த ஊரில் இரவு எப்படி? அங்கே வெக்கையும் மழையும் ஒரே காலத்திலா வருகின்றன, குளிரும் மழையுமா? பாலைவனத்துச் செடியா என்ற கேள்விக்கு அவ்வளவு பெறுமதி இல்லை. பாலைவனங்களில் பல இரவில் நடுங்கவைக்கும் குளிர் கொண்டவை. மட்டக்களப்பின் ஆண்டு மழை 1,600 மில்லிமீற்றருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதத்தில் கொட்டிவிடும். இங்கே நிற்கும் செடி ஆடியையும் மார்கழியையும் இரண்டையும் தாங்கவேண்டும்.

எது நிற்கும், எது நிற்காது

முதலிடம் ஊர்ச் செடிகளுக்கே. மருள் இலங்கையையே பெயரில் தாங்கிய இனம். நிழலிலும் நிற்கும், வெயிலிலும் நிற்கும், ஒரு மாதம் தண்ணீர் மறந்தாலும் மன்னிக்கும். பிரண்டை, சதுரக்கள்ளி, கொடிக்கள்ளி, கர்ப்பூரவல்லி, சோற்றுக்கற்றாழை இவற்றை அலங்காரச் செடியாக யாரும் மதிப்பதில்லை. நல்ல மண்சாடியில் தனியாக வைத்து, கீழே வெள்ளைக் கல் பரப்பிப் பாருங்கள். சதுரக்கள்ளியின் முறுக்கிய விளிம்புக்கு விலை கொடுத்து வாங்கும் செடி எதுவும் ஈடு நிற்காது. கற்றாழை ஆடி வெயிலில் செம்பு நிறமாவது நோயல்ல. நிழலுக்கு மாற்றினால் சில கிழமையில் பச்சை திரும்பும்.

வெளியிலிருந்து வந்தவற்றில் அடீனியம்தான் இந்தக் கரைக்கென்றே பிறந்தது போன்றது. ஆப்பிரிக்காவின் சாகேல் வரண்ட பட்டியிலிருந்து அரேபியா வரை அதன் தாயகம். இரவு வெக்கை பழக்கம். முழு வெயிலில்தான் அடி பருக்கும், பூ வரும். அதற்குக் கூற்றுவன் மழைக்காலத்து ஈரம் மட்டுமே. முள்முடி யூபோர்பியா மடகாஸ்கர்ச் செடி. அதுவும் வெயில் விரும்பி. அதே தீவின், முள் நிறைந்த பருத்த தண்டுள்ள பக்கிப்போடியமும் நிற்கும். கள்ளிகளில் பலரும் அறியாத நல்ல தெரிவு மெலோகக்டஸ். கரீபியக் கரைகளிலும் பிரேசிலிலும் கடற்காற்றில் வளர்வது. உச்சியில் சிவப்புக் குல்லா போட்ட உருண்டை. இரவு குளிர்ந்தால்தான் அதற்குக் கஷ்டம். தங்க உருண்டைக் கள்ளி, மாமிலேரியா வகைகள் மழைக்கு மறைப்பு இருந்தால் நிற்கும். ட்ராகன் பழக் கொடியும் கள்ளிதான்; உச்சி வெயிலில் தண்டு மஞ்சளாகும், அரை நிழல் கொடுத்தால் போதும்.

ஜேட் விடயத்தில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே குழப்பம். அந்த இரண்டு ஜேட்டில் ஒன்று செத்து ஒன்று பிழைத்ததற்கு அதிட்டம் காரணமல்ல. உண்மையான ஜேட் கிராசுலா: இலை பெருவிரல் அளவு, தடித்தது, தண்டு பச்சை கலந்த சாம்பல். வெக்கை இரவில் வளர்ச்சி நின்று, ஈரம் பட்டதும் மூட்டு மூட்டாக உதிரும். மற்றது போர்ட்டுலகாரியா: இலை கைநகம் அளவு, வட்டமானது, இளந்தண்டு செங்கபிலம், வளைத்தால் வில் போல் வளையும். இது தாராளமாக நிற்கும். கிளை ஒடித்து நட்டாலும் பிடிக்கும். வாங்கும்போது தண்டின் நிறத்தைப் பார்த்தால் போதும்.

செம்பர்வைவம், கூழாங்கல் போன்ற லித்தொப்ஸ், அடுக்கு இலை ஏயோனியம், கழுதைவால் இவற்றைக் கரையில் வளர்க்க முயல்வது பணத்தை வாவியில் போடுவது. எச்சிவேரியா மேல் தீராத ஆசை உள்ளவர்களுக்கு அதன் உறவுச் செடியான கிராப்டொபெட்டலம் இருக்கிறது. சாம்பல் பூத்த அதே அடுக்கு. நம் வெக்கைக்கு அவ்வளவு அஞ்சாது. நிறம் மட்டும் கொஞ்சம் மங்கும். ஹவோர்த்தியா காலை 10 மணி வரை வெயில் விழுந்து பிறகு நிழலாகும் விறாந்தையில் பிழைக்கும். படிக்கட்டில் இருந்தது பிழைத்ததும் அதனால்தான். ஒட்டுக்கள்ளியின் சிவப்புத் தலையில் பச்சையம் இல்லை. அடித்தண்டின் உழைப்பில் உண்டு வாழும் பிள்ளை அது. நேர் வெயிலில் எரியும், ஈரத்தில் ஒட்டு அழுகும். ஓரிரு வருடத்துக்கு மேல் இங்கே எதிர்பார்க்கவேண்டாம்.

கலவை

கடையில் வாங்கிய செடி பெரும்பாலும் தும்புத்தூளில் நிற்கும். குளிர் ஊரில் அது சரி. இங்கே ஆடியில் தும்புத்தூள் முற்றாகக் காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றியது ஓரத்தால் ஓடிவிடும். மார்கழியிலோ பஞ்சு போல் நாள்கணக்கில் ஈரம் பிடித்து நிற்கும். செடி வந்த அன்றே பிடுங்கி, வேருக்கு நடுவில் இருக்கும் தும்புக் கட்டியைக் குச்சியால் கிளறி முழுதும் எடுக்கவேண்டும். அந்தக் கட்டி இருக்க வெளியே எவ்வளவு நல்ல கலவை போட்டும் பயனில்லை. அது தெரியாமல் ‘மணல்தானே கலந்தேன், ஏன் அழுகியது’ என்று கேட்பவர்கள் பலர்.

கலவை கன அளவில் இப்படி: கழுவிய ஆற்று மணல் 3 பங்கு, செங்கல் நொறுக்கு 2 பங்கு, உமிக்கரி 1 பங்கு, மக்கிய பழைய மாட்டெரு 1 பங்கு. அடீனியத்துக்கு எருவை அரைப் பங்கு கூட்டலாம். கள்ளிகளுக்கு அரைப் பங்கு குறைக்கலாம். மணலை நுளம்பு வலையில் அரித்து, வலையில் மிஞ்சும் பருமணலை மட்டும் எடுங்கள். கீழே விழும் பொடி மணல் சீமெந்துக்கு நல்லது, வேருக்கு இல்லை. செங்கலை உழுந்து அளவிலிருந்து கடலை அளவு வரை உடைத்து, தூசியைக் கழுவி எடுங்கள். கடற்கரை மணல் எந்த நிலையிலும் கூடாது. உப்பைக் கழுவினாலும் அதன் மணி பொடியாகவே இருக்கும். நெருக்கமாகப் படிந்து காற்று போகாமல் செய்யும்.

உமிக்கு நமக்குக் குறைவில்லை. சம்மாந்துறை, அம்பாறைப் பக்கத்து அரிசி ஆலைகளில் குவிந்து கிடக்கிறது. பழைய ரின் ஒன்றில் பக்கமெல்லாம் துளையிட்டு, உள்ளே தீ மூட்டிக் கவிழ்த்து, சுற்றி உமியைக் குவியுங்கள். உமி கறுத்து வரும்போது கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். கறுப்பாக, உமியின் வடிவம் மாறாமல் இருக்கும்போதே தண்ணீர் தெளித்து அணைக்கவேண்டும். வெள்ளைச் சாம்பலாகப் போனால் காரம் ஏறிவிடும்; வேரைச் சுடும். அணைத்த கரியை இரண்டு தரம் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் வருடக்கணக்கில் கெடாது.

கலந்ததைச் சோதிக்க 6 அங்குலச் சாடியில் நிரப்பி, ஒருதரம் நனைத்து, பிறகு அரை லீற்றர் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுங்கள். மேலே தேங்கிய தண்ணீர் 10 வினாடிக்குள் இறங்கவேண்டும். இறங்கவில்லை என்றால் செங்கல் போதாது.

சாடி, இடம், இரண்டு கூரை

மண்சாடிக்கு நிகரில்லை. சுவரால் ஈரம் கசிந்து ஆவியாகும்போது, பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல வேரும் குளிர்கிறது. கறுப்புச் சாடிதான் கையில் இருக்கிறது என்றால் வெளியே வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். அல்லது ஓர் அளவு பெரிய மண்சாடிக்குள் இறக்கி, இடைவெளியில் செங்கல் நொறுக்கு நிரப்பலாம். புதுச் சீமெந்துச் சாடியை ஒரு கிழமை தண்ணீரில் ஊறவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணீரை மாற்றிய பிறகே நடவேண்டும். சீமெந்தின் காரம் கழியும். பெரிய சாடியில் சிறு செடியை வைப்பது அன்பல்ல. வேர்க்கட்டியைவிட ஓர் அங்குலம் அகலம் போதும். மீதி மண் குடிக்க ஆளில்லாத ஈரமாகவே கிடக்கும்.

சாடியைப் பிளேட்டில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள். கீழே காற்றுப் போகும், சூடு ஏறாது, மழைத் தண்ணீர் துளையை அடைக்காது. அடித்தட்டு வேண்டவே வேண்டாம். தேங்கிய தண்ணீர் வேருக்கும் கேடு, நுளம்புக்கும் தொட்டில். மழைக்காலத்தில் டெங்கு எப்படிப் பரவுகிறதென்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இடத்தில் முதல் தெரிவு வீட்டின் கிழக்குச் சுவர். காலை வெயில் விழும். பிற்பகல் வெயிலையும் கச்சானையும் சுவர் மறிக்கும். கடலை நேரே பார்த்த வளவென்றால் வாடைக்காற்று உப்புத் தூவும். அடம்பன் கொடி தானாகப் படர்ந்து கிடக்கும் தூரம் வரைக்கும் உப்புக்காற்று அடிக்கிறதென்று எடுத்துக்கொண்டு, அங்கே மருள், யூபோர்பியா, மெலோகக்டஸ் தவிர வேறு வைக்காதீர்கள்.

மாடியில்தான் வைக்கவேண்டும் என்றால் ஒரே சட்டத்துக்கு இரண்டு கூரை. பங்குனி முதல் புரட்டாதி வரை 50 வீத நிழல் வலை. 75 வீதம் போட்டால் செடி வெளிச்சம் தேடி நீண்டு, தண்டு மெலிந்து சரியும். அந்த மெலிந்த தண்டுதான் மழையில் முதலில் அழுகும். ஐப்பசி பிறந்ததும் வலையைக் கழற்றித் தெளிவான பொலித்தீன் விரிப்பு. இதை ஆடியில் விட்டுவைத்தால் உள்ளே அடுப்பாகும். அதனால்தான் மாற்றச் சொல்வது. உயரம் ஆறடிக்குக் குறையாமல், நாலு பக்கமும் திறந்து, சரிவாகக் கட்டுங்கள். மாரி மழை நேராக விழாது, வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். எனவே அந்தப் பக்கம் மட்டும் தாழ்வாரம் மூன்றடி நீளவேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் பொலித்தீனை உருவிவிட்டுச் சாடிகளைக் கீழே இறக்குவதுதான் புத்தி. 1978 கார்த்திகைப் புயலைக் கண்டவர்கள் கூரை விடயத்தில் பிடிவாதம் பிடிக்கமாட்டார்கள்.

தண்ணீர்

வெயில் காலத்தில் ஊற்றினால் முழுதாக, அடித்துளையால் ஓடும்வரை. பிறகு இரண்டு அங்குல ஆழத்துக்கு ஈர்க்குச் செருகி எடுத்து, அது காய்ந்து வரும்வரை ஊற்றாதீர்கள். மண்சாடியில் கள்ளிக்கு 7 முதல் 10 நாள், அடீனியத்துக்கு ஆடியில் 3, 4 நாளைக்கு ஒருதரம் என்ற கணக்கு வரும். தினமும் ஒரு கோப்பை தெளிப்பது மேல் மண்ணை நனைத்து அடிவேரைக் காயவைக்கும் வேலை.

நேரம் பொழுது சாய்ந்தபின். வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வரும் தண்ணீர் கை சுடும். அதை முற்றத்தில் ஓடவிட்டு, குளிர்ந்த பிறகே சாடிக்குத் திருப்புங்கள். ஆடி மாதத்தில் இந்த ஒரு அவசரத்தால் வேகும் செடிகள் உண்டு.

கரையோரக் கிணறுகள் ஆவணி, புரட்டாதியில் உவர்க்கும். சாடி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளைப் பூச்சாக உப்பு படிந்தால் இலை நுனி கருகத் தொடங்கும். மாதம் ஒருதரம் நல்ல தண்ணீரை, சாடியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு, மெதுவாக ஊற்றி உப்பை அடித்துளையால் கழுவி வெளியேற்றவேண்டும். பீப்பாவில் பிடித்த மழைநீர் இதற்கு அருமையானது. வாயை நுளம்பு வலையால் இறுக்கிக் கட்டி வையுங்கள்.

கார்த்திகை முதல் தை வரை மறைப்புக்குள் இருக்கும் செடிக்கு மூன்று கிழமைக்கு ஒருதரம் கொஞ்சம் போதும். இலை உதிர்த்த அடீனியத்துக்கு ஒன்றும் வேண்டாம். உரம் மாசியிலிருந்து ஆனி வரைக்கும், கரையும் சமச்சீர் உரம் லீற்றருக்கு 1 கிராம், மாதம் ஒருதரம். யூரியா வேண்டாம். ஆவணிக்குப் பின் உரம் கொடுத்துக் கொழுத்த தளிர் மாரியில் முதலில் அழுகும்.

அழுகத் தொடங்கினால்

அழுகல் நாற்றம் வருமுன் நிறத்தில் தெரியும். இலை கண்ணாடி போல் ஒளி ஊடுருவி மஞ்சளாகும், தொட்டால் விழும். கள்ளியில் அடிப்பகுதி மிருதுவாகும். அடீனியத்தின் பருத்த அடியை வாரம் ஒருதரம் பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். முழுதும் ஒரே சீராக மெத்தென்றிருந்தால் தாகம். ஓரிடம் மட்டும் குழிந்தால் அழுகல்.

ஸ்பிரிற்றில் துடைத்த கத்தியால் அழுகலுக்கு ஓர் அங்குலம் மேலே வெட்டுங்கள். வெட்டுமுகம் முழுதும் வெள்ளையாகவோ பச்சையாகவோ இருக்கவேண்டும். நடுவில் கபில நிறப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் நோய் நரம்பு வழியாக இன்னும் மேலே போயிருக்கிறது. கத்தியை மறுபடி துடைத்து, அரை அங்குலம் மேலே இன்னொரு வெட்டு. சுத்தமான முகம் வரும்வரை விடக்கூடாது. பிறகு கரித்தூளோ கந்தகத் தூளோ தடவி, காற்றோட்டமான நிழலில், மெல்லிய கிளைக்கு 5 நாள், பருத்ததற்கு 10 நாளுக்கு மேல் காயவையுங்கள். மார்கழியில் காற்றே ஈரமாக இருப்பதால் அடுப்படிப் பரண் போன்ற உலர்ந்த இடம் தேவை. அடீனியம், யூபோர்பியா பாலைக் கண்ணில் பட விடக்கூடாது, இரண்டும் நஞ்சு. பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவி உடனே வைத்தியரிடம் போகவேண்டும்.

பூச்சிகளில் மாவுப்பூச்சிதான் பெரிய தொல்லை. இலைக்கக்கத்தில் பஞ்சு போல் இருப்பதை ஸ்பிரிற் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். நிறைய இருந்தால் வேப்பெண்ணெய் 5 மில்லிலீற்றர், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி, தண்ணீர் ஒரு லீற்றர் கலந்து மாலையில் தெளிக்கலாம். சாம்பல் பூத்த இலைகளில் தெளிக்காதீர்கள். பூச்சு கழன்று வெயிலில் வேகும். அடீனியத்து இலைகள் ஒரே இரவில் காணாமற் போனால் தடித்த பச்சைப் புழுவைத் தேடுங்கள். அரளியைத் தின்னும் பருந்து அந்தின் புழு அது. கையால் பொறுக்கினால் போதும். மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தை இரவில் ஏறும். ரோர்ச் வெளிச்சத்தில் பிடித்து அகற்றவேண்டும்.

கடையில்

“மனே, இது வெயிலுக்கு நிக்குமா?” என்று கேட்டால், “நிக்கும் அம்மா, கள்ளி இனம்தானே” என்ற பதில்தான் வரும். அவர் பொய் சொல்லவில்லை, கேள்வி பிழை. “இது எங்க வளர்த்தது? இஞ்ச வந்து எத்தின மாசம்?” என்று கேளுங்கள். போன மாரியை இந்தக் கரையிலேயே கண்ட செடி, அழகில் ஒரு படி குறைந்தாலும், அதையே வாங்குங்கள். வாங்கும் மாதம் மாசி, பங்குனி. சித்திரையில் வாங்கினால் வேர் பிடிக்குமுன் கச்சான் வந்துவிடும்.

வந்த செடியை முதல் கிழமை முழு நிழலில், இரண்டாம் கிழமை காலை 9 மணி வரை வெயிலில், மூன்றாம் கிழமை 10 மணி வரை, நான்காம் கிழமை 11 மணி வரை என்று ஏற்றுங்கள். இடையில் இலையில் வெளுத்த திட்டு விழுந்தால் அது ஆறாது. ஒரு படி பின்னால் போய், புது இலை வரும்வரை அங்கேயே நிறுத்துங்கள். அம்பாறை நகரம் போல் கடற்காற்று எட்டாத உட்பகுதி ஊர்களில் பகல் இன்னும் கடுமை. அங்கே 10 மணியோடு நிறுத்தி, வலைக்குக் கீழேயே வைப்பது பாதுகாப்பு.

இந்தக் கல்லடி வளவில் மிஞ்சிய ஆறில் அடீனியத்துக்கு மாசியில் வேலை இருக்கிறது: பிடுங்கி, வேரைக் கழுவி, கீழ்நோக்கிப் போகும் தடித்த வேர்களை நறுக்கி, ஒரு கிழமை காயவைத்து, பருத்த அடி முன்னிருந்ததைவிட ஓர் அங்குலம் வெளியே தெரிய உயர்த்தி நடவேண்டும். அடுத்த மார்கழியில் மண் எவ்வளவு நனைந்தாலும் அந்த ஓர் அங்குலம் காற்றில் காய்ந்து நிற்கும்.